அடுக்ககத்தில் முப்பத்தெட்டு டிகிரி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியிலிருந்து ஒரு மின்கம்பிகூட வராது. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில், சித்திரையில் வெயில் நாற்பத்தெட்டைத் தொடுகிற இடத்தில், நான்கு மாடி நூலகமும் அதை ஒட்டிய மாணவர் மையமும் தங்கள் கூரையில் விழுகிற வெயிலை மட்டுமே மின்சாரமாக்கி ஓடுகின்றன. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிற வேலை பெரும்பாலும் என்னுடையது. இரட்டைச் சுவருக்குள் ஓடுகிற காற்று, தரைக்கடியில் முந்நூறு மீட்டர் நீளத்துக்குப் பதித்த மண்குழாய்கள், மாணவர் மையத்துக்குக் கீழே மழைநீர் நிற்கிற தொட்டி, உச்சியில் ஏழு காற்றுக் கோபுரங்கள். கரையான் கட்டுகிற வீட்டைப் பார்த்துச் செய்தது என்று சொல்லுவேன். மாணவர்கள் அதற்குப் ‘புற்று’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

என் பெயர் தவசிலிங்கம். அந்தக் கட்டடத்தின் மின்சாரத்துக்கும் குளிர்விப்புக்கும் பொறுப்பான பொறியாளனாக இருந்தேன். செண்பகவல்லி என் மனைவி. அதே நூலகத்தின் மூன்றாம் மாடியில், புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிற அடுக்ககத்தில் வேலை பார்த்தாள். அங்கேயே இறந்தாள். அவள் இறந்ததைப் பற்றி ஓர் அறிக்கை இருக்கிறது. அதில் உள்ளதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் இதை எழுதவேண்டியிருக்கிறது.

கட்டடத்தை வரைந்தவர் மகுடேசுவரன். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர் என்று இன்றைக்கும் சொல்வேன். தகரக் கொட்டகை போட்ட தள அலுவலகத்தில் அவரும், தலைமை நூலகர் ஜெபராணி மேடமும், நானும் உட்கார்ந்து கணக்குப் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. கூரை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தரும் என்பது நிச்சயம். அதற்குள் நான்கு மாடியையும் குளிர்விக்க வேண்டும்.

“இருபத்தேழுங்க. எல்லாத்துக்கும் இருபத்தேழு டிகிரி. அதுக்கு மேல போனா மனுசன் தூங்குவானே ஒழியப் படிக்க மாட்டானுங்க” என்றார் மகுடேசுவரன்.

நான் எத்தனை தடவை கூட்டினாலும் பதினொரு சதவீதம் துண்டு விழுந்தது.

“ஒரு மாடியக் கொறச்சிருங்களேன்” என்றேன்.

“கொறைச்சிட்டுப் புஸ்தகத்த ஒங்க வீட்லயா வைக்க?” என்றார் ஜெபராணி மேடம். பாளையங்கோட்டைக்காரர். சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். “எல்லாருக்கும் எதுக்கு சார் இருபத்தேழு? எங்க வீட்டுக்காரி அடுப்படியில நாப்பது டிகிரியில நிப்பா. ஃபேனப் போடேன்னா, அடுப்பு அணைஞ்சிரும்பா. அவளக் கொண்டுபோய் இருபத்தேழுல உக்கார வச்சா அம்புட்டும் வீண்தான?”

எல்லோரும் சிரித்தோம். மகுடேசுவரன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். “நில்லுங்க. இது நல்லாருக்குதுங்களே. ஆளுக்கு ஆள் தாங்குறது வேற. தாங்குறவங்ககிட்ட கொஞ்சம் எடுத்து, தாங்காதவங்களுக்குக் குடுத்தா? கட்டடமே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா?”

“அந்தம்மாட்ட கேட்டீங்களா சார்?” என்றார் ஜெபராணி மேடம் என்னிடம்.

“கேட்டா பரவாயில்லம்பா.”

“அப்பக் கட்டடமும் கேக்கணும். கேக்காம எடுக்கக் கூடாது.”

அப்படித்தான் பொத்தான்கள் வந்தன. ஒவ்வொரு மேசையிலும், ஊழியர்கள் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு விளக்கு மினுங்கும். வெக்கை, சரி, குளிர் என்று மூன்று பொத்தான்கள். ஏதாவது ஒன்றைத் தொட்டால் விளக்கு அணையும். அடையாள அட்டையைப் பலகையின்மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பதால், எந்த அட்டைக்காரர் எவ்வளவு சூடு வரைக்கும் ‘சரி’ என்கிறார் என்று கட்டடம் தெரிந்துகொள்ளும். அடுத்த நாள் அவர் வரும்போது அரை டிகிரி ஏற்றிப் பார்க்கும். அப்போதும் ‘சரி’ என்றால் அதற்கடுத்த நாள் இன்னும் அரை. மிச்சமாகிற குளிர், ‘வெக்கை’ என்று தொடுகிறவர்களுக்குப் போகும்.

யாருக்கு வேர்க்கிறது என்று நிர்வாகத்துக்கு ஏன் தெரிய வேண்டும் என்று மாணவர் சங்கம் சண்டை போட்டது. ஜெபராணி மேடம் அவர்கள் பக்கம் நின்றார். “எவன் எந்தப் புஸ்தகம் எடுத்தாம்னே நான் யாருக்கும் சொன்னதில்ல. எவனுக்கு வேர்க்குன்னா சொல்லப்போறேன்?” அதனால் பெயர்களை மறைத்தோம். கட்டடத்துக்குள் எல்லோரும் வெறும் எண்கள். பெயரையும் எண்ணையும் சேர்க்கிற சாவி என்னிடம் இருந்தது. காரணம் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். திறக்கவும் இல்லை.

எல்லோரும் கேட்பதைக் கூட்டினால் அன்றைய மின்சாரத்தைத் தாண்டும் என்கிற நேரங்களில் மட்டும் கோரிக்கைகள் கீழே கட்டுப்பாட்டு அறைக்கு, என் திரைக்கு வரும். அனுமதிக்கலாம். மறுக்கலாம். கடைசி முடிவு ஒரு மனிதனிடம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவனும் நான்தான்.

முதல் ஆண்டு முடிவதற்குள் கட்டடம் நன்றாகக் கற்றுக்கொண்டது. வீட்டில் ஏசியோடு வளர்ந்த பிள்ளைகள் சட்டென்று ‘வெக்கை’யைத் தொட்டார்கள். பேராசிரியர்கள் தொட்டார்கள். கருத்தரங்குக்கு வந்த விருந்தினர்கள் உட்கார்ந்த நிமிடமே தொட்டார்கள். விடுதிப் பிள்ளைகளில் பாதிப் பேர் தொடவே இல்லை. ‘வெக்கை’ என்று தொட்டால் பெயரைக் குறித்துவைத்து உதவித்தொகைப் பட்டியலில் கைவைப்பார்கள் என்று ஒரு பேச்சு. பெயரே கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினோம். அதற்குப் பிறகு பேச்சு கூடியது. ஒப்பந்த ஊழியர்களோ ஒருவர்கூடத் தொடவில்லை. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. மேலிடத்திலிருந்து யாராவது வந்து “வசதியா இருக்கா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்பது பொத்தானாக இருந்தால் பதில் மாறிவிடும் என்று நாங்கள் மூன்று படித்தவர்கள் நினைத்தோம்.

செண்பகம் நூலக அறிவியலில் பட்டயம் படித்தவள். பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள். அந்தப் பள்ளி மூடியபோது நான்தான் ஜெபராணி மேடத்திடம் சொல்லி அடுக்ககத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்த்துவிட்டேன். மேற்குப் பக்கம், மூன்றாம் மாடி. கேட்கிற புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வருகிறதை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அடுக்குவதும் வேலை. அவளும் இன்னொரு பெண்ணும் மட்டும். அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போன பிறகு அவள் தனியாக.

மாலையில் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் வருவோம். வந்ததும் நேராகப் போய்க் குழாயடியில் தலையைக் காட்டுவாள். ஈரத்தலையோடு மோர் குடிப்பாள்.

“எப்பிடி இருக்கு ஒன் புத்து?”

“கீழ வாசிக்கிற மண்டபத்துக்குப் போனா குத்தாலம் மாதிரி இருக்கு. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க.”

“மேல?”

“மேல பழகிருச்சு.”

“வெக்கையா இருந்தா தொட வேண்டியதுதான?”

“தொட்டா அது ஒங்ககிட்டதான வரும்? ஒங்களுக்கு ஆயிரம் சோலி. அதோட, பொண்டாட்டிக்கு மட்டும் குளிர ஏத்துதாம் பாருன்னு ஒரு பேச்சு வரும். வேண்டாம் போங்க.”

“ஒன் பேரே தெரியாதுளா எனக்கு. வெறும் நம்பர்தான் வரும்.”

“அப்ப நான்னு தெரியாமலேதான குடுக்கப்போறீங்க. அதுக்கு எதுக்குக் கேக்க?” என்று சிரித்தாள்.

இன்னொரு நாள், அடுக்ககத்துக்குப் பக்கத்தில் இருந்த சுவடி அறையைப் பற்றிச் சொன்னாள். ஓலைகள் கெடாமல் இருக்க அந்த அறைக்கு இருபத்திரண்டு டிகிரி என்று நிலையாக வைத்திருந்தோம். ஓலையிடம் பொத்தான் வைத்துக் கேட்க முடியாதல்லவா. “கதவு இடுக்குல காத்து வரும் பாத்துக்கோங்க. அப்பப்பப் போயி காலை நீட்டி நிப்பேன். அடுத்த பிறவியில ஓலைச்சுவடியாப் பொறக்கணும்.” நான் மிகவும் ரசித்துச் சிரித்தேன். பார்வையாளர்களிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

கட்டடத்துக்குச் சான்றிதழ் தர ஒரு நிபந்தனை இருந்தது. பன்னிரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தன் கூரை தருவதைத் தாண்டிச் செலவழிக்கக் கூடாது. சித்திரை கடைசியில் அந்தப் பன்னிரண்டு மாதம் முடிவதாக இருந்தது. நான்கு நாள் மிச்சம். அன்றைக்குச் சோதிக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். மாணவர் மையத்தில் நானூறு பேர் உட்கார்ந்த கருத்தரங்கு. வெளியே நாற்பத்தேழு. காலையிலிருந்தே புழுதி மூடி வானம் செம்மண் நிறத்தில் கிடந்ததால் கூரை வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் தந்துகொண்டிருந்தது.

மதியம் ஒன்றே முக்கால் வாக்கில் திரையில் கோரிக்கைகள் வரத் தொடங்கின. கருத்தரங்கில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும். முப்பத்தொன்று வந்து நின்றது. சோதிக்க வந்தவர்களில் வயதான ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுத்தால் என்ன ஆகும்?” என்றார்.

“கொஞ்ச நேரத்துல பழகிருவாங்க சார்” என்றேன்.

திரையின் கீழே ‘அனைத்தையும் மறு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டேன். பிறகு நால்வரும் எழுந்து போய்ச் சுண்டலும் டீயும் சாப்பிட்டோம்.

கேட்ட புத்தகம் ஒன்று இன்னும் கீழே வரவில்லையே என்று மூன்றேகாலுக்கு ஜெபராணி மேடம் தானே மேலே போயிருக்கிறார். உயரத் தட்டுக்கு ஏறுகிற முக்காலியில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். தலை அடுக்கில் சாய்ந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். வண்டியில் ஒன்பது புத்தகங்கள் அடுக்குவதற்கு மிச்சம் இருந்தன. அடுக்ககத்தில் முப்பத்தெட்டரை டிகிரி. காற்று நகரவே இல்லை. மண்குழாய் ஈரத்தோடு அனுப்புகிற காற்று நின்றுவிட்டால் அந்த ஈரம் மட்டும் தங்கிவிடும். இட்லிக் கொப்பரைக்குள் இருப்பதுபோல இருந்தது என்று மேடம் சொன்னார். நான் ஓடிப்போய் அவள் உடம்பைத் தொட்டேன். அந்தச் சூட்டை எழுத எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரயோசனமில்லை.

பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழு வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். முதல் வரைவு பத்து நாளில் என் கைக்கு வந்தது, குடும்பத்தார் பார்வைக்கு என்று. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘பணியாளர் தமது பணிக்காலத்தில் 2,316 முறை தமது சூழல் சரியாக இருப்பதாகத் தெரிவித்துள்ளார், மாறாக ஒருமுறைகூடத் தெரிவித்ததாகத் தெரியவில்லை.’ அவள் நிற்கிற இடத்துப் பலகையின் பதிவிலிருந்து எண்ணியிருந்தார்கள், அதற்குச் சாவி வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வரி, அவளுக்கு இரத்த அழுத்தம் இருந்ததைப் பற்றி.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. தன் சம்மதத்தோடு செத்தாள் என்று அழகான தமிழில் எழுதியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் நானும் அந்தச் சம்மதத்தில்தான் குடித்தனம் நடத்தினேன். கட்டடம் ஆறு மாதத்தில் கற்றதைத்தான் நான் கல்யாணமான முதல் வருடத்தில் கற்றிருந்தேன். கேட்டால் சரி என்பாள். ஆகவே அரை டிகிரி கூட்டலாம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலை கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். இப்போது காரணம் இருந்தது. சாவியைத் திறந்து அவள் எண்ணை எடுத்தேன். 0417. அந்த எண்ணுக்கு நேரே கீழே கீழே கீழே ‘சரி’. கடைசிப் பக்கத்தில், அவள் இறந்த நாளில், மதியம் 1.42க்கு, ஒரே ஒரு ‘வெக்கை’.

அது கோரிக்கையாகி என் திரைக்கு வந்திருக்கிறது. முப்பத்தொன்றில் ஒன்றாக. 1.50க்கு மறுக்கப்பட்டிருக்கிறது. மறுக்கப்பட்ட கோரிக்கைகளைக் கட்டடம் வேறொரு தொகுப்பில் வைக்கும். வரைவு எழுதியவர்கள் அந்தத் தொகுப்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

தொட்டால் அது யாரிடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தொட்டிருக்கிறாள்.

ஜெபராணி மேடத்திடம் போய்ச் சொன்னேன். மாணவர் மையத்து உணவகத்தில், மூலை மேசையில். அவர் முன்னால் ஒரு நோட்டு விரித்துக் கிடந்தது. அந்த இரண்டு வாரத்தில் அவர் துப்புரவு, அடுக்ககம், நகலெடுக்கும் அறை, கேன்டீன் அடுக்களை என்று ஒவ்வொரு ஒப்பந்த ஊழியரிடமும் போய் உட்கார்ந்து எழுதிவந்திருந்தார். அந்தப் பதினான்கு பேரும் இருக்கிற இடமெல்லாம் மாதாமாதம் சூடு ஏறிக்கொண்டே வந்திருந்தது.

“அந்த நீதிபதிக்கு விளங்கிருச்சு சார். நேத்து என்கிட்டயே சொன்னாரு. இந்தக் கத்துக்குற வேலையையே நிறுத்தச் சொல்லி எழுதப்போறாராம். எல்லாருக்கும் ஒரே டிகிரி. முடியலன்னா வெளிய இருந்து கம்பி இழுத்துக்கோன்னு” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

நான் 1.42ஐச் சொன்னேன். 1.50ஐயும் சொன்னேன்.

அவர் பேனாவை நோட்டின்மேல் வைத்தார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“யார்ட்டயும் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க சார்.”

“எனக்காகப் பாக்காதீங்க மேடம். வேலை போனா போகட்டும்.”

“ஒங்களுக்காக யாரு சொன்னா?” அவர் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நீங்க சொன்னா கட்டடம் தப்பிச்சிரும். அவுங்களுக்கு ஒரு ஆள் வேணும். ஒரு கை. இந்தாளு அமுக்கிட்டான், அம்புட்டுதான்னு மூடிருவாங்க. இந்தப் பதினாலு பேரும் அங்கனயேதான் கெடக்கணும்.”

“அவ சரின்னு சொல்லிக்கிட்டே செத்தான்னு எழுதியிருக்காங்க மேடம்.”

“எழுதட்டும். அது பொய்னு நமக்குத் தெரியும்லா?”

“அவ கேட்டிருக்கா. வாழ்க்கையில ஒரு தடவை கேட்டிருக்கா. அது எங்கயும் இல்லாமப் போயிரணுமா?”

“செண்பகம் இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா?”

“தெரியும். பரவாயில்லம்பா.”

அவர் நோட்டை மூடினார். மூடிய நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, “ஒரு வாரம் பொறுங்க. அறிக்கையில கையெழுத்து ஆகட்டும். அதுக்கப்புறம் ஊருக்கே சொல்லுங்க, நானும் வந்து நிக்கேன்” என்றார்.

ஒரு வாரம். கேட்டது அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நியாயமும்கூட. ஆனால் அந்த வரியின் கீழே ஒரு நீதிபதி கையெழுத்துப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதை அவளுக்காகச் செய்தேன் என்று அப்போது நம்பினேன். எனக்கு யாராவது தண்டனை கொடுத்தால் தேவலை என்று இருந்ததும் உண்மைதான்.

மூன்றாம் நாள் குழு கடைசியாகக் கூடியது. மகுடேசுவரனும் வந்திருந்தார். மூன்று வாரத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார். கட்டடத்தைக் குற்றம் சொல்லி அறிக்கை வந்தால் அவர் இனிமேல் எதையும் வரைய முடியாது. எதிர்ப் பக்கத்தில் ஜெபராணி மேடம். நான் எழுந்து பதிவின் பிரதியை மேசையில் வைத்தேன்.

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

“அந்தம்மா கோரிக்கை வச்சிருக்காங்க. அத அந்த இயந்திரம் உங்களுக்குத் தெரிவிச்சுதா?”

“தெரிவிச்சுது ஐயா.”

“தாமதம் ஏதும்?”

“இல்ல. உடனே வந்திருக்கு. எட்டு நிமிஷம் என் முன்னாலதான் நின்னுருக்கு.”

“நீங்க அனுமதிச்சிருந்தா?”

“குளிர் மேல அவளுக்குப் போயிருக்கும். பத்து நிமிஷத்துல முப்பதுக்கு வந்திருக்கும்.”

“அப்போ மறுத்தது இயந்திரம் இல்ல.”

“நான்தான்.”

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் கட்டடத்தின்மேல் இருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து என்மேல் வைத்துக்கொண்டிருந்தது. நீதிபதி கெட்டவர் இல்லை. அவர் முன்னால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது. அதைத் தாண்டிப் போக எந்த நீதிபதிக்கும் வழக்கமில்லை. “ஐயா, அந்த ஒரு நாளுக்கு முன்னால இரண்டாயிரம் தடவை கேட்டுக் கேட்டு அது ஏத்திக்கிட்டே வந்திருக்கு” என்று ஜெபராணி மேடம் எழுந்து சொன்னார். “அதெல்லாம் சரிதாம்மா. ஆனா தேவைப்பட்ட அன்னைக்கு அவங்க கேட்டிருக்காங்க. அதுவும் சொல்லியிருக்கு. ஏற்பாடு வேலை செஞ்சிருக்கு” என்றார் நீதிபதி.

வெளியே வராந்தாவில் மகுடேசுவரன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “நீங்க பெரிய மனுசனுங்க சார். வேற எவனா இருந்தாலும் மறைச்சிருப்பானுங்க.” கையை உருவிக்கொண்டேன். ஜெபராணி மேடம் எங்களைத் தாண்டிப் போனார். நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது. நின்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அறிக்கையில் நான் கேட்ட வரி இருக்கிறது. ‘பணியாளர் மதியம் 1.42 மணிக்குக் குளிர் கோரினார். கட்டுப்பாட்டாளர் அதை 1.50 மணிக்கு மறுத்தார்.’ பழைய வரியை எடுத்துவிட்டார்கள். முடிவு: மனிதத் தவறு. கட்டடத்தின் வடிவமைப்பில் குறையொன்றும் காணப்படவில்லை. மிச்சமிருந்த நான்கு நாளும் கணக்கைத் தாண்டாமல் கழிந்திருந்ததால் சான்றிதழும் கிடைத்தது. மனிதத் தவறு இனி நேராமல் இருக்க, கட்டுப்பாட்டாளர் என்கிற பதவியை எடுத்துவிட்டு, அனுமதிப்பதையும் மறுப்பதையும் கட்டடத்திடமே விட்டுவிடும்படி குழு பரிந்துரைத்தது. அப்படியே செய்தார்கள். இதே வரைபடத்தில் இப்போது இன்னும் மூன்று ஊர்களில் நூலகம் எழும்பிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கட்டாய ஓய்வு. வழக்கு ஒன்றும் போடவில்லை. மனைவியை இழந்தவர் என்று பரிதாபப்பட்டார்கள்.

ஆடி மாதம், அலமாரியில் கிடந்த அவளுடைய சாமான்களை எடுத்துப்போகச் சொல்லி அடுக்ககத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனேன். வாசிப்பு மண்டபத்தில் நிறையப் பிள்ளைகள். ஜில்லென்று இருந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறி மேற்குக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அறைந்தது. அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் முப்பிடாதி என்றாள். செண்பகத்தின் பையையும் டப்பாவையும் ஒரு ஜோடிச் செருப்பையும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வெக்கையா இல்லையாம்மா?”

“இருக்கத்தான் செய்யும். மேக்கால பாத்த மாடிலா.”

“எத்தனை டிகிரின்னு பாத்தியா?”

“அதெல்லாம் யாரு பாக்கா.”

மேசையில் விளக்கு மினுங்கியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை நடுப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

“ஏம்மா, முதல் பொத்தானைத் தொடு” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “வெக்கைனு தொடு. உன் பேரு யாருக்கும் போகாது. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்லுதேன்ல, தொடு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

“நீங்க செண்பகம் அக்கா வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“கேள்விப்பட்டேன் சார். எல்லாரும் சொன்னாங்க.” குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பாவம் பார்த்துத்தான் பேசினாள். “அக்கா அன்னைக்குக் கேட்டாங்களாம்லா. நீங்களே கீழ உக்காந்திருந்தும் குடுக்கலயாம். சொந்த வீட்டுக்காரர்ட்ட கேட்ட அக்காவுக்கே கிடைக்கல. நான் மிஷின்ட்ட கேட்டு என்ன சார் கிடைக்கப்போவுது?”

விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் ‘சரி’யைத் தொட்டாள். அணைந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுக்குகளுக்குள் போனாள்.